ஊரடங்கில் குறைப்பிரசவம் குறைந்ததாமே? பெருந்தொற்றும் பிரசவமும்

ஜூன் 9, 2024: ஒரு வாசகரின் கேள்வி

"கொரோனா ஊரடங்கின்போது டென்மார்க்கில் குறைப்பிரசவம் 90 சதவீதம் குறைந்துவிட்டது என்று படித்தேன். வீட்டில் ஓய்வாக இருந்ததுதான் காரணமாம். அப்படியென்றால் கர்ப்பிணிகளுக்கு அது நல்ல காலமாகத்தானே இருந்திருக்கிறது? எதற்கு அவ்வளவு பயமுறுத்தினார்கள்?"

ஜூன் 9, இரவு

அந்த வருடங்கள் முழுக்க பிரசவ அறையில் செவிலியராக இருந்தவள் நான். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

முதலில் அந்த 90. அது எல்லாக் குறைப்பிரசவங்களுக்குமான கணக்கு இல்லை. 28 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டுமானது. பார்த்த காலமும் சின்னது, 2020 மார்ச் 12 முதல் ஏப்ரல் 14 வரை. முந்தைய வருடங்களில் அதே நாட்களில் ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய இரண்டு என்று இருந்தது, அந்த ஒரு மாதத்தில் 0.19 ஆனது. டென்மார்க் மாதிரி சின்ன நாட்டில் ஒரு மாதத்தில் அவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தைகளே பத்துப் பன்னிரண்டுதான். அதில் சிலர் குறைந்தாலே சதவீதம் எங்கேயோ போய்விடும். அயர்லாந்தின் லிமெரிக்கில் ஒரு மருத்துவமனையில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைகள் 73 சதவீதம் குறைந்தார்கள் என்று வந்ததும் இதே ரகம். எண்ணிக்கை சின்னது, சதவீதம் பெரியது.

பிறகு 26 நாடுகளில் 5 கோடியே 20 லட்சம் பிறப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களில் குறைப்பிரசவம் 3 முதல் 4 சதவீதம் குறைந்திருக்கிறது. நாலாவது மாதத்தில் அந்தக் குறைவும் இல்லை. ஆக, குறைந்தது உண்மை. குறைந்ததாலேயே நல்லது நடந்தது என்று சொல்லலாமா என்பதில்தான் எனக்குத் தகராறு. நாளைக்கு எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 10

குறைப்பிரசவத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று தானாக வருவது: பனிக்குடம் உடையும், வலி முன்கூட்டியே வரும், பல நேரம் பின்னால் ஒரு தொற்று இருக்கும். இன்னொன்று நாங்கள் வரவைப்பது. தாய்க்கு பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, சிறுநீரில் புரதம் வருகிறது, அல்லது ஸ்கேனில் குழந்தை வளரவில்லை, ரத்த ஓட்டம் மோசமாகிறது. இனி உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது பத்திரம் என்று முடிவெடுத்து, 32 வாரத்திலோ 34 வாரத்திலோ குழந்தையை எடுக்கிறோம்.

ஊரடங்கில் முதல் வகை குறைந்திருக்கலாம். சாதாரண சளி, காய்ச்சல் பரவவில்லை. பல பெண்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும் வேலை இல்லை. காற்றும் கொஞ்சம் சுத்தமானது. இதெல்லாம் நியாயமான ஊகங்கள்.

இரண்டாவது வகை குறைவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: செக்கப்புக்கு யாரும் வராமல் இருப்பது. பிரஷரை அளக்காதவரை பிரஷர் இல்லை. ஸ்கேன் எடுக்காதவரை வளர்ச்சிக் குறைவும் இல்லை. அந்தத் தாயின் குழந்தையை 33 வாரத்தில் யாரும் எடுக்கவில்லை, எனவே குறைப்பிரசவப் பட்டியலில் அவள் இல்லை. சில வாரம் கழித்து அவள் வேறு பட்டியலில் இருக்கக்கூடும். அதனால்தான் குறைப்பிரசவ எண்ணைத் தனியாக வைத்துப் பேசக்கூடாது என்கிறேன். பக்கத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தைகளின் எண்ணையும் வைக்க வேண்டும்.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை அப்படி வைத்துப் பார்த்தது. தொற்றுக்கு முந்தைய மாதங்களில் ஆயிரத்துக்கு 2.38 என்று இருந்த இறந்து பிறத்தல், தொற்றின் முதல் மாதங்களில் 9.31 ஆனது. அந்தத் தாய்மார்களில் ஒருவருக்குக்கூட கொரோனா உறுதியாகவில்லை. 

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. டென்மார்க் எண்ணைச் சின்னது என்று சொல்லிவிட்டு செயின்ட் ஜார்ஜ் எண்ணை மட்டும் அப்படியே விட்டால் நியாயமில்லை. அதுவும் ஒரே மருத்துவமனைதான். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை இங்கிலாந்து முழுவதற்குமான கணக்கில் இறந்து பிறத்தல் கூடவில்லை. வசதியுள்ள நாடுகளில் பெரும்பாலும் அப்படித்தான்: ஓரிரு மருத்துவமனைகளில் ஏறியிருக்கும், நாட்டுக் கணக்கில் தெரியாது. மற்ற இடங்களில் கதை வேறு.

ஜூன் 12

"ஏழை நாடுகளோடு ஒப்பிடாதீர்கள், அங்கே எப்போதும் அப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எப்போதும் அப்படி இல்லை. ஒப்பிடுவது அவர்களுடைய முந்தைய நிலையோடுதான்.

நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளில், ஊரடங்குக்கு முந்தைய வாரங்களையும் ஊரடங்கு வாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மருத்துவமனைப் பிரசவங்கள் பாதிக்கும் கீழே போயின, 52.4 சதவீதம் சரிவு. இறந்து பிறத்தல் ஆயிரத்துக்கு 14இலிருந்து 21. பிறந்த குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 13இலிருந்து 40. அதே மருத்துவமனைகள், அதே ஊழியர்கள். மாறியது வண்டி ஓடாததும், பயமும், தாமதமும்தான். இதில் என்னை அதிகம் உறுத்துவது அந்த 40 அல்ல, வராமல் போன பாதிப் பேர். அவர்கள் எங்கே பிரசவித்தார்கள், யார் தொப்புள்கொடி வெட்டினார்கள், ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்தார்கள்? மருத்துவமனைக் கணக்கு வாசலைத் தாண்டி வந்தவர்களை மட்டும்தான் எண்ணும்.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஊழியர்கள் கை கழுவுவது கூடியது, குழந்தையைத் தாயின் மார்போடு தோல் ஒட்ட வைப்பதும் கூடியது. கூட்டம் குறைந்த வார்டில் கைக்கு நேரம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு 17 நாடுகளிலிருந்து 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஒன்று வந்தது. இறந்து பிறத்தல் கால் பங்குக்கு மேல் கூடியது, தாய் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்து அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் ஐந்து மடங்குக்கு மேல்! சீக்கிரம் வந்திருந்தால் மருந்திலோ சின்ன சிகிச்சையிலோ முடிந்திருக்கக்கூடியவை பல. குறைப்பிரசவம் மொத்தத்தில் மாறவில்லை, வசதியுள்ள நாடுகளில் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கேட்டவர் பார்த்தது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

ஜூன் 13

சின்னதாக ஒன்று. வயிற்றில் குழந்தை அசைவு குறைந்தால் உடனே வரச்சொல்லித்தான் எல்லாருக்கும் சொல்வோம். அந்த மாதங்களில் ஒரு பெண் இரண்டு இரவு காத்திருந்துவிட்டு வந்தாள். "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தேன், நோயாளிகளால் நிரம்பியிருப்பீர்கள் என்று" என்றாள். துடிப்பு கிடைக்கவில்லை. 'மருத்துவமனைக்கு வராதீர்கள்' என்று நாட்டுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் கட்டாயம் வர வேண்டும் என்று அதே சத்தத்தில் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 15

இதுவரை வைரஸையே தொடவில்லை. இப்போது அது.

2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து தந்த அறிக்கையில், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரியவில்லை என்றிருந்தது. பார்த்தது 147 பெண்களைத்தான். நாங்களும் அதை வைத்து ஆறுதல் சொன்னோம். ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து ஒரு தகவல் வந்தது: பிரசவத்துக்கு வந்த 215 பெண்களுக்கும் பரிசோதித்ததில் 33 பேருக்குத் தொற்று, அதில் 29 பேருக்கு ஓர் அறிகுறியும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அதற்கும் ஒரு நல்ல பக்கம் இருந்தது. எங்கள் வார்டிலும் நிறையப் பேர் ஒன்றுமில்லாமல் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், இல்லையென்றால் நான் எழுதுவது எல்லாம் பயமுறுத்தல் ஆகிவிடும்.

நவம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிகுறி உள்ள ஏறக்குறைய நான்கு லட்சம் பெண்களின் கணக்கை வெளியிட்டது. ஐசியூ போனவர்கள், கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்கு 10.5, அதே வயதில் கர்ப்பம் இல்லாதவர்களில் 3.9. வென்டிலேட்டர் 2.9க்கு எதிராக 1.1. இறப்பு 1.5க்கு எதிராக 1.2, வயதையும் மற்ற நோய்களையும் சரிசெய்தால் 1.7 மடங்கு.

உடம்பு ஏன் தாங்கவில்லை என்பது பிரசவ அறையில் இருப்பவர்களுக்குப் புரியும். கடைசி மாதங்களில் கர்ப்பப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கையிருப்பு குறைவு, செலவு அதிகம். அதோடு கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும், கொரோனாவும் உறையவைக்கும்.

அதனால்தான் மற்றவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 92, 93 சதவீதம் இருந்தால் பார்க்கலாம் என்ற நேரத்திலும், கர்ப்பிணிகளுக்கு 95க்குக் கீழே விடக்கூடாது என்றிருந்தோம். குழந்தைக்குப் போவது தாயின் ரத்தத்தில் இருப்பதிலிருந்துதான். 2021இல், டெல்டா என்ற உருமாறிய வைரஸின் அலையில் ஓர் இளம்பெண், முப்பது வாரம் இருக்கும், ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தாள். விரலில் மாட்டிய கருவி 91 காட்டியது. கருவி பழுது என்று நினைத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. இளம் உடம்பு கடைசி நிமிடம் வரை ஈடுகொடுக்கும், பிறகு ஒரேயடியாகச் சரியும். இடதுபக்கம் திரும்பிப் படுக்கவைத்து ஆக்சிஜன் ஏற்றினோம், மறுநாள் ஐசியூ. பிழைத்தாள். குழந்தை, பச்சிளம் குழந்தைகளுக்கான ஐசியூவான என்ஐசியூவில் நெடுநாள் இருந்து வீட்டுக்குப் போனது. அதே வாரம் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பிழைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அமெரிக்காவின் மொத்தத் தாய் இறப்பு எண்களைப் பார்த்தால் அலை எப்படி வந்து போனது என்று தெரியும். 2019இல் 754. 2020இல் 861. 2021இல் 1,205. 2022இல் 817.

ஜூன் 15, அப்புறம் ஒன்று

கேட்டவருக்கு நேரடியான பதில் மேலே விட்டுப்போனது. 18 நாடுகளில் தொற்று வந்த கர்ப்பிணிகளையும் வராதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வில், தொற்று வந்தவர்களுக்குக் குறைப்பிரசவம் 1.59 மடங்கு, ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் வரும் நோய்) 1.76 மடங்கு. ஊரடங்கு ஊரின் சராசரியை 3, 4 சதவீதம் குறைத்த அதே காலத்தில், வைரஸ் தொட்டவர்களுக்கு 59 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

ப்ரீஎக்ளாம்ப்சியா பற்றி இன்னொன்று. கடுமையான கொரோனா சில பேரிடம் அதே வேஷத்தில் வந்தது: பிரஷர் ஏறும், கல்லீரல் என்சைம்கள் ஏறும், தட்டணுக்கள் குறையும். நிஜ ப்ரீஎக்ளாம்ப்சியா என்றால் குழந்தையை எடுத்தால்தான் தீர்வு. வேஷம் என்றால் நுரையீரல் தேறும்போது அதுவும் தேறும், கர்ப்பத்தைத் தொடரலாம். எது எது என்று கண்டுபிடிக்க நஞ்சுக்கொடி சுரக்கும் புரதங்களை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை உதவியது. அந்த வசதி இல்லாத இடங்களில் அவசரமாக எடுக்கப்பட்ட குழந்தைகளும் இருந்திருப்பார்கள்.

ஜூன் 18

வைரஸ் நஞ்சுக்கொடியை என்ன செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

ஒவ்வொரு பிரசவத்துக்கும் பிறகு நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து, முழுசாக வந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. நல்ல நஞ்சுக்கொடி கருஞ்சிவப்பாக, கைக்கு ஈரப் பஞ்சு மாதிரி இருக்கும். டெல்டா சமயத்தில் கைக்கு வந்த ஒன்று கெட்டியாக, வெளிறிப்போய் இருந்தது. தாய்க்கு லேசான காய்ச்சல் மட்டும்தான் வந்திருந்தது. குழந்தை இறந்து பிறந்தது.

பிறகுதான் நோயியல் ஆய்வுகள் வந்தன. வைரஸ் குழந்தையைத் தொடாமலேயே நஞ்சுக்கொடியை அழிக்கிறது: தாயின் ரத்தம் ஓடவேண்டிய இடைவெளிகளில், ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப் புரதமான ஃபைப்ரின் படிந்து அடைக்கிறது, அழற்சி அணுக்கள் குவிகின்றன, குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் இருக்கும் மெல்லிய அணுப்படலம் செத்துப்போகிறது. 12 நாடுகளிலிருந்து, இறந்து பிறந்த அல்லது பிறந்தவுடன் இறந்த 68 குழந்தைகளின் நஞ்சுக்கொடிகளைப் பார்த்ததில் சராசரியாக 77.7 சதவீதத் திசு வேலை செய்யாத நிலையில் இருந்தது. குழந்தைக்கு வைரஸ் தேவைப்படவில்லை, மூச்சு நின்றுபோனது போதும். அந்தத் தாய்மார்களில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

பரவலாக நடந்ததா என்றால், இல்லை. அரிதுதான். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை 12 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில், தொற்று இருந்தவர்களுக்கு இறந்து பிறத்தல் 1.26 சதவீதம், இல்லாதவர்களுக்கு 0.64. டெல்டாவுக்கு முன் ஒன்றரை மடங்கு ஆபத்து, டெல்டா காலத்தில் நான்கு மடங்கு. அதாவது டெல்டாவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் உயிருள்ள குழந்தை. அந்த மீதிப் பேரில் ஒருத்தி நம் கட்டிலில் இருக்கும்போது சதவீதம் பேச வாய் வராது, அது வேறு.

ஜூன் 18

"அப்போ குழந்தைக்குத் தொற்று வராதா?" வரும், ரொம்பக் குறைவு. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளில் 1.8 சதவீதம் பேருக்குத்தான் பரிசோதனையில் வைரஸ் தெரிந்தது. அதிலும் வயிற்றுக்குள்ளேயே தொற்றியது இன்னும் குறைவு. தாய்ப்பாலால் பரவியதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் வரவில்லை.

ஜூன் 21

தடுப்பூசி. இந்த இழையில் சண்டை வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

"என் தங்கையைத் தடுப்பூசி முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், பிரசவம் முடிந்து வா என்றார்கள். ஏழாம் மாதத்தில் தொற்று வந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த முகாமில் இருந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. என் கோபம் அந்தத் தாளுக்கு முந்தைய கட்டத்தில்: முதல் பெரிய தடுப்பூசிப் பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. கர்ப்பிணிகள் எடுத்துக்கொண்டு குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த தாலிடோமைடு மருந்தின் கதை நடந்த பிறகு மருந்து ஆராய்ச்சிக்குக் கர்ப்பிணிகள் என்றாலே பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பரிசோதனையில் பாதுகாப்பாக, கண்காணிப்போடு எடுக்கவேண்டிய ஆபத்தை, வெளியே லட்சக்கணக்கானவர்கள் யாரும் கண்காணிக்காமல் வைரஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

தேதிகளைப் பாருங்கள். பிரிட்டன் 2020 டிசம்பரில் தடுப்பூசி போட ஆரம்பித்தது. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் வழங்கலாம் என்றது 2021 ஏப்ரல் 16. இந்தியா அனுமதித்தது ஜூலை 2, இரண்டாம் அலை உச்சத்தைக் கடந்த பிறகு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தயக்கமில்லாமல் "போட்டுக்கொள்ளுங்கள்" என்றது ஆகஸ்ட் 11, டெல்டா ஏறிக்கொண்டிருந்தபோது. அனுமதி வந்த பிறகும் பழைய தயக்கம் மனசில் நின்றது. அந்த வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கிலாந்தில் ரத்தத்துக்கு வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தடுப்பூசி போடாத கர்ப்பிணி.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குப் பிரிட்டனிலேயே உதாரணம் உண்டு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு உதவும் என்று 2020 ஜூனில் காட்டிய ரெகவரி என்ற மருந்துப் பரிசோதனையில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அதில் கொடுத்த ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதால் அவர்களுக்கு மட்டும் பிரெட்னிசலோன் அல்லது ஹைட்ரோகார்டிசோன் என்ற வேறு ஸ்டீராய்டாக மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான். யோசித்தால் வழி இருந்தது.

ஜூன் 22

நேற்று எழுதியதற்குக் கீழே "தடுப்பூசியால்தான் கரு கலைந்தது" என்று இரண்டு பேர். உங்கள் இழப்பு உண்மை, அதை நான் வாதத்துக்கு எடுக்கமாட்டேன். மற்றவர்கள் படிக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்: தெரியவந்த கர்ப்பங்களிலேயே எப்போதும் பத்தில் ஒன்றுக்கு மேல் முதல் மாதங்களில் கலைகிறது. எல்லாரும் ஊசி போடும் காலத்தில் சில இழப்புகள் ஊசிக்கு அடுத்த வாரம் வந்தே தீரும். நார்வேயிலும் அமெரிக்காவிலும் கரு கலைந்தவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முந்தைய வாரங்களில் ஊசி போட்டிருந்த விகிதத்தில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை.

கூடுதலாக ஒன்று: தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. கர்ப்பத்தில் இரண்டு ஊசி போட்ட தாய்மார்களின் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்வது 61 சதவீதம் குறைந்தது என்று 2022 பிப்ரவரியில் வந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு நேரடியாகப் போட ஊசியே கிடையாது.

ஜூன் 25

பிரசவத் துணை பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வருடங்களில் நான் அதிகம் சங்கடப்பட்டது இதில்தான்.

2020 மார்ச் கடைசியில் நியூயார்க்கில் சில பெரிய மருத்துவமனைகள் பிரசவத் துணையை முழுக்கத் தடைசெய்தன. சில நாட்களிலேயே மாநில ஆளுநர் உத்தரவு போட்டு ஒருவரை அனுமதிக்க வைத்தார். உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே, தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாய்க்கு விருப்பமான ஒரு துணை வேண்டும் என்றுதான் சொல்லிவந்தது. ஆனாலும் எத்தனையோ மருத்துவமனைகளில் கதவு மூடியே இருந்தது. நான் இருந்த இடத்திலும்தான். வலியில் இருப்பவளுக்கு என் கண் மட்டும் தெரியும். குரல் இரண்டு முகக்கவசத்தைத் தாண்டிப் போகாது. "முக்கும்மா" என்று கத்துவேன், "என்ன?" என்பாள். நெஞ்சில் பெரிய எழுத்தில் பேரை எழுதி ஒட்டிக்கொண்டோம், அதைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதுவே இருவருக்கும் ஒரு தெம்பு. அவள் கணவரோ அம்மாவோ ஃபோன் திரையில். இன்னொரு கையில் அந்த ஃபோனையும் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்திருக்கிறேன்.

துணை என்பது சொகுசு என்று நினைத்து முதலில் வெட்டினார்கள். தொடர்ந்து ஒருவர் கூட இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் குறைகிறது என்பது பெருந்தொற்றுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம். தலை சுற்றுகிறது, ரத்தம் அதிகம் போகிறது என்று முதலில் கவனித்து எங்களைக் கூப்பிடுவதும் பல நேரம் அந்தத் துணைதான்.

பிறந்த குழந்தையைப் பிரித்ததும் இதே கதை. சீனாவில் ஆரம்பத்தில் 14 நாள் பிரித்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஏப்ரலில் பிரித்து வைக்கச் சொல்லி, ஜூலையில் மாற்றிக்கொண்டது. பல நாடுகளில் வழிகாட்டுதல் மாறியும் வார்டில் பழக்கம் மாறவில்லை. எடை குறைந்த குழந்தைக்கு இது உயிர்ப் பிரச்சினை. தாயின் மார்போடு ஒட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பு எல்லாருக்கும் கிடைத்தால் 1,25,000க்கு மேல் குழந்தைகளைக் காப்பாற்றலாம், அதனால் கொரோனா தொற்றி இறக்கக்கூடியவர்கள் 2,000க்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். தட்டு இவ்வளவு சாய்ந்திருந்தும் பிரித்தோம்.

ஜூன் 27

1918 ஃப்ளூ பெருந்தொற்றிலும் கர்ப்பிணிகளுக்குத்தான் அதிக அடியா என்று கேட்டவருக்கு. ஆமாம், அப்போதும் கர்ப்பிணிகள்தான். அமெரிக்காவில் 1919இல் தொகுத்த ஒரு கணக்கில் ஃப்ளூ வந்த 1,350 கர்ப்பிணிகளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள். நிமோனியா வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கர்ப்பம் தங்கவில்லை. 2009 பன்றிக் காய்ச்சலில் அமெரிக்க மக்கள்தொகையில் ஒரு சதவீதமான கர்ப்பிணிகள், இறப்பில் 5 சதவீதம். அப்போது கற்றது, ஃப்ளூ மருந்தை முதல் இரண்டு நாளில் கொடுத்தால் பெரிய வித்தியாசம் என்பது. மூச்சைத் தாக்கும் எந்தப் புது வைரஸ் வந்தாலும் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து கூடுதல் என்று நூறு வருடமாகத் தெரியும். 2020 பிப்ரவரியில் 147 பேரை வைத்து ஆறுதல் அடைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கொசுவால் பரவும் ஜீகா வைரஸ் வேறு வகை. தாய்க்கு லேசான தடிப்பு, குழந்தையின் மூளைக்குத்தான் அடி.

ஜூன் 30

"2020இல் வயிற்றில் இருந்த என் மகள் இன்னும் சரியாகப் பேசவில்லை, அதனாலா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். இதற்கு நிதானமாகப் பதில் எழுத நினைத்துத்தான் தாமதம்.

1918 ஃப்ளூவின்போது வயிற்றில் இருந்தவர்கள் பிற்காலத்தில் படிப்பிலும் வருமானத்திலும் கொஞ்சம் பின்தங்கினார்கள் என்று 2006இல் ஒரு பொருளாதார ஆய்வு சொன்னது, ரொம்பப் பிரபலம். பிறகு மற்றவர்கள் தோண்டினார்கள்: அந்த நேரம் முதல் உலகப் போர். படித்த, ஆரோக்கியமான ஆண்கள் பலர் போருக்குப் போயிருந்தார்கள். அந்த வருடம் அப்பா ஆனவர்களே வேறு மாதிரியான கூட்டம். அதைக் கணக்கில் எடுத்தால் விளைவு பெரிதும் சுருங்கிவிடுகிறது என்றார்கள்.

கொரோனாவில், நியூயார்க்கில் 255 குழந்தைகளை ஆறு மாத வயதில் பார்த்தார்கள். தாய்க்குத் தொற்று இருந்ததா இல்லையா என்பதால் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரு பக்கத்துக் குழந்தைகளுமே, தொற்றுக்கு முன்பு பிறந்தவர்களைவிட உடல் அசைவிலும் பழகுவதிலும் கொஞ்சம் பின்னால் இருந்தார்கள். அப்படியானால் சந்தேகம் வைரஸைவிட அந்தக் காலத்து வாழ்க்கைமேல்: தாயின் மன அழுத்தம், மனிதர்களைப் பார்க்காத வீடு, ஒத்திப்போன பரிசோதனைகள். அவற்றில் நல்ல விஷயம், பேச்சும் விளையாட்டும் பயிற்சியும் கொடுத்தால் மாறக்கூடியவை அவை. உங்கள் மகளுக்குக் காது பரிசோதித்தார்களா என்று முதலில் பாருங்கள். அந்த மாதங்களில் பிறந்த பல குழந்தைகளுக்கு அது தவறிப்போனது. பேச்சுப் பயிற்சியாளரையும் இப்போதே பாருங்கள், காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருப்பதில் லாபமில்லை.

ஜூலை 2

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி, செக்கப் குறைந்ததுதான் பிரச்சினை என்றால், இன்னும் ஏன் பாதி செக்கப்பை ஃபோனில் வைக்கிறார்கள்? என் மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம்."

ஃபோன் செக்கப் தன்னளவில் கெட்டது இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் மொனாஷ் சுகாதாரச் சேவை 2020இல் பாதிச் செக்கப்பை ஃபோனுக்கும் வீடியோவுக்கும் மாற்றியது. எதை நேரில், எதை ஃபோனில் என்று திட்டம் போட்டு, பிரஷரையும் குழந்தை வளர்ச்சியையும் பார்க்க வழி வைத்துவிட்டுத்தான் மாற்றியது. 20,000க்கு மேல் பிரசவங்களைப் பார்த்ததில் ப்ரீஎக்ளாம்ப்சியாவோ வளர்ச்சிக் குறைவோ இறந்து பிறத்தலோ கூடவில்லை. ஆக, தொலைந்துபோன செக்கப்தான் கெடுத்தது. இடம் மாறிய செக்கப் கெடுக்கவில்லை.

ஆனால் வீட்டில் பிரஷர் கருவி வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். ஆபத்து கூடுதலான கர்ப்பிணிகளிடம் அதைப் பிரிட்டனில் பரிசோதித்தார்கள், 2022இல் முடிவு வந்தது. வீட்டில் அளந்தவர்களுக்குப் பிரஷர் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படவில்லை. கருவி செக்கப்போடு சேர்ந்து இருக்கட்டும், செக்கப்புக்குப் பதிலாக வேண்டாம். மேல் எண் 140, கீழ் எண் 90 தொட்டால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள். 160, 110 என்றால் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் எண் சரியாக இருந்தாலும் கிளம்புங்கள்.

அவர்கள் கொடுத்த அட்டவணையை எடுத்து, எந்தெந்தச் செக்கப்பில் யார் வயிற்றை அளக்கப்போகிறார்கள், யார் சிறுநீரைப் பரிசோதிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாத தேதி இருந்தால் அதை நேரில் மாற்றச் சொல்லுங்கள். கடைசி மூன்று மாதத்தில் அசைவு குறைந்தால் ஃபோன் செய்து கேட்டுவிட்டு வீட்டில் இருக்கும் கதையே வேண்டாம், நடு ராத்திரியானாலும் நேரில் வரட்டும். அப்படி வந்து ஒன்றுமில்லை என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்து எந்தப் பிரசவ அறையிலும் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.